நாற்பதாவது வாரமும் கொடைக்கானல் மலைப்பாதையும்

கஜா புயல் எங்கள் மலையைக் கடந்த 2018 நவம்பர் 16 அன்று எனக்கு 35 வாரம் நிறைந்திருந்தது. தலைப்பிரசவத்துக்காகப் பண்ணைக்காட்டில் அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். காப்பித் தோட்டத்துக்கு நிழல் தந்த சில்வர் ஓக் மரங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. மின்சாரம் இல்லை, செல்போன் பேசவில்லை, வத்தலக்குண்டுக்கு இறங்கும் வழியில் எத்தனை மரம் விழுந்திருக்கிறது என்று எண்ணிச் சொல்லக்கூட ஆள் இல்லை. அன்று இரவு அரிக்கேன் விளக்கை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு அப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "இன்னைக்கு வலி எடுத்திருந்தா என்ன பண்ணியிருப்போம்?" அந்தக் கேள்வி அதற்கடுத்த மூன்று வாரமும் வீட்டை விட்டுப் போகவில்லை.

எனக்குக் குறித்திருந்த நாள் டிசம்பர் 20. பத்து நாள் முன்பே, அதாவது 38 வாரம் 4 நாளில், கீழே சமவெளியில் ஒரு தனியார் மருத்துவமனையில் என்னைச் சேர்த்து வலி வர வைத்தார்கள். "தண்ணி கம்மியா இருக்கு, இனிமே வெயிட் பண்ண வேண்டாம்" என்று டாக்டர் சொன்னார். பனிக்குட நீர் குறைந்தால் குழந்தைக்கு ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும். எனவே யாரும் எதுவும் கேட்கவில்லை. மாலையில் ஒரு ஜெல் வைத்தார்கள், ஆறு மணி நேரம் கழித்து இன்னொன்று. காலை எட்டு மணிக்குக் குளுக்கோஸில் வலி வர வைக்கும் மருந்து ஏறியது. பதினோரு மணிக்குப் பனிக்குடத்தை உடைத்துவிட்டார்கள். மாலை ஐந்து மணிக்கு, கர்ப்பப்பை வாய் இரண்டு விரலுக்கு மேல் திறக்கவில்லை என்று சொல்லி அறுவை சிகிச்சை செய்தார்கள். பையன் பிறந்ததும் வேகவேகமாக மூச்சு வாங்கினான் என்பதால் இரண்டு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தான். இப்போது நன்றாக ஓடியாடிப் பள்ளிக்கூடம் போகிறான். அதற்கு நான் நன்றி மறக்கவில்லை.

ஆறு மாதம் கழித்து, கோப்பை எடுத்து வைக்கும்போது கடைசி ஸ்கேன் தாளை வாசித்தேன். பனிக்குட நீரின் அளவு 11 சென்டிமீட்டர் என்று அச்சிட்டிருந்தது. பொதுவாக 5 சென்டிமீட்டர் அல்லது அதற்குக் கீழே போனால்தான் நீர் குறைவு என்று கணக்கில் எடுப்பார்கள். எனக்குத் தண்ணீர் குறையவே இல்லை.

டாக்டர் ஏன் அப்படிச் சொன்னார் என்று பல நாள் யோசித்தேன். புயலுக்குப் பிறகு மலைப்பாதை இருந்த நிலையில், என்னை மறுபடி மேலே அனுப்பி வைக்க அவருக்குப் பயமாக இருந்திருக்கலாம். என் அப்பாவின் முகத்தைப் பார்த்திருக்கலாம். அப்படியென்றால் அதையே சொல்லியிருக்கலாம். "ரோடு சரியில்லை, நடுராத்திரி வலி எடுத்தால் இறங்க முடியாது, அதனால் முன்கூட்டியே வலி வர வைக்கலாம், ஆனால் உன் உடம்பு இன்னும் தயாராகவில்லை, அறுவையில் முடிய வாய்ப்பு உண்டு" என்று சொல்லியிருந்தால் நாங்கள் உட்கார்ந்து பேசியிருப்போம். ஒருவேளை அதே முடிவைத்தான் எடுத்திருப்போம். ஆனால் அது எங்கள் முடிவாக இருந்திருக்கும். பிரசவ வலியைத் தூண்டுவது சரியா தவறா என்று உலகம் முழுக்க நடக்கும் விவாதத்தை அன்றிலிருந்து ஊன்றிப் படித்து வருகிறேன். படிக்கப் படிக்க, எந்த வாரத்தில் தூண்டுவது என்ற கேள்வியைவிட, எந்தக் காரணத்துக்காக, எந்த இடத்தில், யாருடைய சம்மதத்தோடு என்ற கேள்விகளே பெரிதாகத் தெரிகின்றன.

பேறுகாலத்தில் கை வைக்காமல் இயற்கையாக விட்டிருந்த பொற்காலம் ஒன்று முன்பு இருந்தது என்று பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எங்கள் அம்மாச்சி காலத்தில் நாள் தள்ளிப்போனால் மருத்துவச்சி விளக்கெண்ணெய் குடிக்கக் கொடுத்து வலியை எழுப்பப் பார்ப்பாள். வலி எடுத்தால் சீரகக் கஷாயம் கொடுப்பார்கள். பொய் வலி என்றால் அடங்கிவிடும், மெய் வலி என்றால் கூடும் என்பது நம்பிக்கை. காத்திருக்கவும் பயம், காத்திருக்காமல் இருக்கவும் பயம் என்ற நிலை அப்போதும் இருந்தது. மருந்து மாறியிருக்கிறது. 1906-இல் ஹென்றி டேல் என்பவர் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாறு கர்ப்பப்பையைச் சுருங்கச் செய்வதைக் கண்டார். அதில் இருந்த ஆக்ஸிடோசினை வின்சென்ட் டு விக்னோ 1953-இல் ஆய்வகத்தில் உருவாக்கி, 1955-இல் நோபல் பரிசு பெற்றார். குளுக்கோஸ் பாட்டிலில் இன்று ஏறும் "வலி மருந்து" அதுதான்.

பத்து மாதம் சுமந்தேன் என்று நம் தாய்மார்கள் சொல்வது வெறும் பேச்சுவழக்கு அல்ல. 28 நாள் கொண்ட மாதமாகக் கணக்கிட்டால் பத்து மாதம் 280 நாள். கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 280 நாள், அதாவது 40 வாரம் என்றுதான் மருத்துவமும் நாள் குறிக்கிறது. ஆனால் குறித்த நாளிலேயே பிறக்கும் குழந்தைகள் இருபதில் ஒன்று என்ற அளவுக்குத்தான் இருக்கும். 37 வாரம் முதல் 42 வாரம் வரை விரிந்து கிடக்கும் ஒரு காலத்தின் நடுவில் இருக்கும் புள்ளிதான் அந்த நாள். கடைசி மாதவிடாய்த் தேதியே சரியாக நினைவில்லாதவர்கள் எங்கள் மேல்மலையில் இன்றும் இருக்கிறார்கள். "பூண்டு போட்டப்ப நின்னுச்சு" என்று சொன்ன பெண்ணை எனக்குத் தெரியும். முதல் மூன்று மாதத்துக்குள் ஸ்கேன் எடுத்திருந்தால் தேதி ஓரளவு துல்லியமாகக் கிடைக்கும். அது இல்லாமல் எட்டாம் மாதத்தில் முதல் ஸ்கேன் எடுப்பவருக்கு 39 வாரம், 41 வாரம் என்ற பேச்சே மணலில் கட்டிய வீடுதான். தூண்டுவது பற்றிய எல்லா வாதமும் அந்த முதல் ஸ்கேனில் தொடங்குகிறது என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

இனி ஆய்வுகள் சொல்வது. நாள் தாண்டினால் குழந்தை வயிற்றிலேயே இறக்கும் அபாயம் கூடுகிறது என்பதில் இப்போது பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஸ்வீடனில் 2,760 பெண்களை வைத்து நடந்த ஆய்வில், ஒரு பாதியினருக்கு 41 வாரத்தில் வலி தூண்டினார்கள். மறு பாதியினரை 42 வாரம் வரை காத்திருக்க வைத்தார்கள். காத்திருந்தவர்களில் ஆறு குழந்தைகள் இறந்தன. தூண்டப்பட்டவர்களில் ஒன்றுகூட இறக்கவில்லை. ஆய்வை நடுவிலேயே நிறுத்திவிட்டு 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். இதுபோன்ற 34 ஆய்வுகளை 2020-இல் தொகுத்துப் பார்த்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வும், தூண்டுவதால் சிசு மரணம் குறைகிறது என்றது; ஆனால் ஒரு மரணத்தைத் தவிர்க்க ஏறத்தாழ 544 பெண்களுக்குத் தூண்ட வேண்டியிருக்கும் என்ற கணக்கையும் கூடவே தந்தது. இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. ஆறு குழந்தைகள் என்பது ஆறு வீடுகள். 544 பெண்கள் என்பதும் 544 உடம்புகள்.

அதிகம் பேசப்படுவது அமெரிக்காவின் 'அரைவ்' ஆய்வு. 41 மருத்துவமனைகளில், வேறு சிக்கல் எதுவும் இல்லாத, முதல் குழந்தையைச் சுமந்த 6,106 பெண்களை வைத்து நடத்தினார்கள். எனக்கு வலி தூண்டப்பட்ட அதே 2018-இல், சில மாதங்களுக்கு முன்புதான் அதன் முடிவு வெளிவந்திருந்தது. 39 வாரத்தில் தூண்டப்பட்டவர்களில் 18.6 சதவீதம் பேருக்கும், காத்திருந்தவர்களில் 22.2 சதவீதம் பேருக்கும் அறுவை நடந்தது. அதாவது, தூண்டினால் அறுவை கூடும் என்று காலங்காலமாக நம்பியதற்கு மாறாக, குறைந்திருந்தது. என் அனுபவத்துக்கு நேர் எதிரான இந்த முடிவை முதலில் படித்தபோது ஏற்க மனம் வரவில்லை. இப்போது ஏற்கிறேன், அது நடந்த சூழலோடு சேர்த்து. ஆய்வில் சேரத் தகுதி பெற்றிருந்த பெண்களில் 27 சதவீதம் பேர்தான் சம்மதித்தார்கள். மற்றவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போக முடிந்தது. அங்கே முதுகில் ஊசி போட்டு வலியைக் குறைக்கும் வசதி பரவலாக உண்டு. எனக்கு 38 வாரம் 4 நாள். அந்த ஆய்வு தொட்டதோ 39 வாரத்துக்குப் பிறகு. இன்னொன்றும் உண்டு. பனிக்குடம் உடைந்த பிறகு ஆக்ஸிடோசின் கொடுத்து 12 முதல் 18 மணி நேரமாவது பார்த்த பிறகே தூண்டல் தோற்றது என்று முடிவு செய்ய வேண்டும் என அமெரிக்க மகப்பேறு மருத்துவர் அமைப்பு வழிகாட்டுகிறது. எனக்குப் பார்த்தது ஆறு மணி நேரம்.

அந்த ஆய்வின் எண்ணை மட்டும் எடுத்துவந்து, அதன் பொறுமையை விட்டுவிட்டால் கிடைப்பது வேறொன்றுதான். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 2019-21இல் தமிழ்நாட்டில் நடந்த பிரசவங்களில் 44.9 சதவீதம் அறுவை. தனியார் மருத்துவமனைகளில் மட்டும் பார்த்தால் 63.8 சதவீதம். இப்படிப்பட்ட மாநிலத்தில் "39 வாரத்தில் தூண்டினால் அறுவை குறையும்" என்று சொல்வதற்கு முன், எந்த வார்டில், எத்தனை மணி நேரம் காத்திருக்கத் தயாராக இருக்கும் ஆட்களோடு என்று கேட்டாக வேண்டும்.

பிரிட்டனில் நடந்ததும் நமக்கு நெருக்கமானது. அங்குள்ள நைஸ் என்ற வழிகாட்டு அமைப்பு 2021 மே மாதம் வெளியிட்ட வரைவில், ஆசிய, கறுப்பினப் பெண்களுக்கு வேறு சிக்கல் இல்லாவிட்டாலும் 39 வாரத்திலேயே தூண்டுவதைப் பரிசீலிக்கலாம் என்று இருந்தது. அந்தச் சமூகங்களில் சிசு மரணம் கூடுதல் என்பது உண்மை. ஆனால் தோலின் நிறத்தையே ஒரு நோய்க்குறி போல எடுத்துக்கொள்வதா, அந்தப் பெண்கள் மருத்துவமனையில் நடத்தப்படும் விதத்தை அல்லவா முதலில் பார்க்க வேண்டும் என்று கடும் எதிர்ப்பு எழுந்தது. நவம்பரில் வந்த இறுதி வழிகாட்டியில் அந்த வரி நீக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனமோ, 41 வாரம் நிறைந்தது உறுதியாகத் தெரிந்தால் தூண்டலாம், சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் அதற்கு முன் வேண்டாம் என்கிறது. இரத்த அழுத்தம், சர்க்கரை, குழந்தை வளராமல் நிற்பது போன்றவை வேறு கணக்கு. அங்கே காத்திருப்பதுதான் ஆபத்து, அதில் தயங்க ஒன்றுமில்லை.

இப்போது என் தங்கையின் கதைக்கு வருகிறேன். அவளை மன்னவனூரில் கட்டிக்கொடுத்திருக்கிறது. 2023 மே மாதக் கடைசியில் அவளுக்கு 41 வாரம் நிறைந்தது. மன்னவனூரிலிருந்து கொடைக்கானலுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அங்கிருந்து கீழே இறங்குவது சீசன் நாட்களில் எப்படி என்பது மலையில் இருப்பவர்களுக்கு மட்டுமே தெரியும். மலர்க் கண்காட்சிக்காக ஏறிவரும் வண்டிகள் ஒரு பக்கம், இறங்கும் வண்டிகள் ஒரு பக்கம், நடுவில் வழி கிடைக்காமல் 108 நின்று கத்திக்கொண்டிருக்கும். ஏறிவரும் வண்டிகளுக்கான இ-பாஸ் எல்லாம் அதற்கு அடுத்த ஆண்டுதான் வந்தது.

கீழே அரசு மருத்துவமனையில் அவளைப் பார்த்த டாக்டரம்மா, ஸ்கேன் தாளை எங்கள் பக்கம் திருப்பி வைத்துப் பேசினார். "தண்ணி நல்லா இருக்கு, குழந்தை துடிப்பு நல்லா இருக்கு. அவசரம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா 41 வாரம் ஆயிருச்சும்மா, இதுக்கு மேல காத்திருந்தா குழந்தைக்குக் கொஞ்சம் ரிஸ்க் கூடுது. உங்க வீடு பக்கத்துல இருந்தா ரெண்டு நாள் கழிச்சு வாங்கன்னு அனுப்பியிருப்பேன். மன்னவனூர்னு சொல்றீங்க. என்ன பண்ணலாம், நீங்களே சொல்லுங்க." என் தங்கை என்னைப் பார்த்தாள், மச்சானைப் பார்த்தாள், பிறகு அவளே கேட்டாள்: "வலி வர வச்சா ஆபரேஷன் ஆயிருமா டாக்டர்?" ஆகலாம், ஆகாமலும் இருக்கலாம், கர்ப்பப்பை வாய் கொஞ்சம் மெத்தென்று ஆகியிருக்கிறது, அது நல்ல அறிகுறி என்று பதில் வந்தது. எனக்கு அந்த ஐந்து நிமிடப் பேச்சு 2018-இல் கிடைக்கவில்லை என்பதை நினைத்துக்கொண்டு வெளியே வராந்தாவில் போய் நின்றேன்.

பிரசவத்தின்போது உறவுக்காரப் பெண் ஒருவர் கூடவே இருக்கலாம் என்ற ஏற்பாடு தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் உண்டு. அதனால் இரவும் பகலும் அவள் பக்கத்தில் இருந்தேன். மாலையில் ரப்பர் குழாய் ஒன்றைக் கர்ப்பப்பை வாய்க்குள் செலுத்தி, அதன் நுனியில் உள்ள பலூனில் உப்பு நீரை நிரப்பி, மறுமுனையைத் தொடையில் பிளாஸ்திரி போட்டு ஒட்டினார்கள். சிறுநீருக்குப் போடும் அதே ஃபோலி குழாய்தான்; மருந்தே இல்லாமல், அழுத்தத்தால் மட்டும் வாயைத் திறக்க வைக்கும் முறை. இரத்த அழுத்தம் உள்ள கர்ப்பிணிகளுக்கு இந்தக் குழாய் நல்லதா, வலியைத் தூண்டும் மிசோப்ரோஸ்டால் மாத்திரை நல்லதா என்று நாக்பூரின் அரசு மருத்துவமனைகளில் 602 பெண்களிடம் பார்த்த ஆய்வு 2017-இல் வந்தது. 24 மணி நேரத்துக்குள் சுகப்பிரசவம் ஆனவர்கள் மாத்திரையில் 57 சதவீதம், குழாயில் 47 சதவீதம். நம் நாட்டு வார்டுகளில், நம் நாட்டுப் பெண்களிடம் செய்த இத்தகைய வேலைகளை நாம் இன்னும் அதிகமாகப் பேச வேண்டும்.

விடியற்காலை கழிப்பறைக்குப் போனபோது குழாய் தானாகவே விழுந்துவிட்டது. நான்கு சென்டிமீட்டர் திறந்திருந்தது. எட்டு மணிக்கு ஆக்ஸிடோசின் ஏற்றினார்கள். ஐம்பது வயதிருக்கும் ஒரு சிஸ்டர், ஒரு கையை என் தங்கையின் வயிற்றின் மேல் வைத்து, கண்ணைச் சுவர்க் கடிகாரத்தில் வைத்து, உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தார். பத்து நிமிடத்துக்கு மூன்று வலி, ஒவ்வொன்றும் நாற்பது விநாடி. அதுதான் அவருக்கு வேண்டியது. அரை மணி நேரத்துக்கு ஒருமுறை சொட்டைக் கொஞ்சம் கூட்டுவார். பதினொன்றரை மணி வாக்கில் வலி அடுத்தடுத்து வர ஆரம்பித்தது. பத்து நிமிடத்துக்குள் ஆறாவது வலி எழுந்தபோது அவர் கை வயிற்றிலிருந்து குளுக்கோஸ் குழாய்க்குத் தாவி, சக்கரத்தை ஒரே தள்ளில் மூடியது. "இடது பக்கமா ஒருக்களிச்சுப் படு கண்ணு" என்று அவளைத் திருப்பிவிட்டு, துடிப்பு பார்க்கும் கருவியை வைத்தார். 100. கொஞ்ச நேரம் கழித்து 112. பிறகு 128. அது 140-க்கு வரும்வரை அந்த அறையில் யாரும் பேசவில்லை. அரை மணி நேரம் கழித்து, குறைந்த வேகத்தில், சொட்டை மறுபடி திறந்தார்.

பிரசவ வலியைத் தூண்டுவது பற்றி நான் படித்த எதையும்விட அந்தக் கை எனக்கு அதிகம் சொன்னது. ஆக்ஸிடோசின் அளவு கூடினால் கர்ப்பப்பை தளர நேரமில்லாமல் இறுகிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு சுருக்கத்திலும் குழந்தைக்குப் போகும் இரத்தம் குறைகிறது, தளரும்போதுதான் மீள்கிறது. அதைக் கவனிக்க ஆள் இருந்தால் அது மருந்து. பத்துப் படுக்கைக்கு ஒரு சிஸ்டர் என்று இருக்கும் இடத்தில், அல்லது அறுவைக் கூடமும் இரத்தமும் இல்லாத இடத்தில், அதே பாட்டிலை மாட்டுவது ஆபத்து. ஏற்கனவே அறுவை நடந்த கர்ப்பப்பையில் மிசோப்ரோஸ்டால் கொடுக்கவே கூடாது, தழும்பு கிழிந்துவிடலாம். என் இரண்டாவது குழந்தை தேதி குறித்த அறுவையில்தான் பிறந்தது. முதல் பிரசவத்தில் போட்ட கத்தி அடுத்ததன் வழியையும் அடைக்கிறது என்பதை 38 வாரத்தில் அவசரப்படுபவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தங்கைக்கு மதியம் இரண்டே முக்கால் மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. 2.9 கிலோ. சுகப்பிரசவம்.

இதனால் தூண்டுவதே நல்லது என்றோ, அரசு மருத்துவமனையென்றால் எல்லாம் சரி என்றோ நான் சொல்லவில்லை. அவளும் 20 மணி நேரம் வலியில் கிடந்தாள். வலியைக் குறைக்க அந்த வார்டில் ஒன்றும் இல்லை. ஆனால் டாக்டரம்மா சொன்ன ஒரு வாக்கியத்தில் என் மனம் நிற்கிறது: வீடு பக்கத்தில் இருந்தால் இரண்டு நாள் கழித்து வரச் சொல்லியிருப்பேன் என்பது. அப்படியென்றால், அவளுக்கு வலி தூண்டப்பட்டதில் பாதிக் காரணம் வாரக்கணக்கு, மறு பாதி மலைப்பாதை. வெள்ளகவி போலச் சாலையே இல்லாமல் டோலி கட்டித் தூக்கி வரும் ஊர்கள் இருந்த மலை இது. பாதையை மருத்துவக் காரணமாக எடுத்துக்கொள்வதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தொலைவுக்கு உரிய வைத்தியம் ஆக்ஸிடோசின்தானா? மருத்துவமனைக்குப் பக்கத்தில் பத்து நாள் தங்க ஒரு படுக்கை, மூன்று வேளைச் சாப்பாடு, இரண்டு நாளுக்கு ஒருமுறை துடிப்பு பார்க்கும் சிஸ்டர் என்று இருந்தால், பல பெண்களுக்கு வலி தானாகவே வந்திருக்கும். இதற்காகவே பிரசவக் காத்திருப்பு அறைகள் என்ற ஏற்பாடு தமிழ்நாட்டின் மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் செய்யப்பட்டது. நல்ல ஏற்பாடு. அதில் போய்த் தங்குவதற்குப் பெண்ணுக்கு வழி வேண்டுமே. மூத்த பிள்ளையை யார் பார்ப்பது, கூலி போகிறதே, பூண்டு எடுக்கும் நேரத்தில் வீட்டில் ஆள் இல்லையே என்று எங்கள் ஊர்ப் பெண்கள் இரண்டாம் நாளே கிளம்பிவிடுகிறார்கள். "வலி வர வச்சு முடிச்சு விட்ருங்க டாக்டர்" என்று அவர்களே கேட்பதையும் என் காதால் கேட்டிருக்கிறேன். அந்தச் சம்மதத்தில் எவ்வளவு விருப்பம், எவ்வளவு வேறு வழியின்மை என்று பிரித்துப் பார்க்காமல் "அவங்கதான் கேட்டாங்க" என்று எழுதிவிடுவது நியாயமில்லை.

என் தம்பி மனைவிக்கு இப்போது ஏழாம் மாதம். வீடு கவுஞ்சியில். மூன்றாம் மாதத்துக்குள்ளேயே ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. அந்தத் தாளைப் படம் பிடித்து மூன்று பேர் போனில் வைத்திருக்கிறோம். 38 வாரம் ஆனதும் வத்தலக்குண்டில் என் சித்தி வீட்டில் வந்து இருப்பதாகப் பேச்சு. பிரசவம் முடியும்வரை அவளுடைய பெரிய பையனை நான் பூம்பாறையில் என் வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவேன். பூண்டு எடுக்க ஆள் சொல்லியாகிவிட்டது. "நாள் தாண்டிட்டா என்ன மதினி பண்றது?" என்று போன வாரம் கேட்டாள். தாண்டினால் 41 வாரத்தில் டாக்டரிடம் போவோம், ஏன் என்று கேட்போம், எந்த மருந்து, எத்தனை மணி நேரம் பார்ப்பீர்கள் என்றும் கேட்போம் என்றேன். அவள் தன் பிரசவ அட்டையின் பின்பக்கத்தில் அந்த மூன்றையும் பென்சிலால் எழுதிக்கொண்டாள்.